கிரியாட்டினின் ஏறியதும் தட்டைக் காலி செய்யாதீர்கள்

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உதவும் கிரியாட்டினின், லேப் ரிப்போர்ட்டில் 1.6 என்று வந்த அன்றே நம் வீடுகளில் ஒரு தடைப்பட்டியல் தயாராகிவிடும். பருப்பு கூடாது, கீரை கூடாது, முட்டை கூடாது, தக்காளி, வாழைப்பழம், இளநீர், பால், உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. சொன்னவர் டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினராக இருப்பார், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படமாக இருக்கும். சில மாதம் கழித்துப் பார்த்தால் நோயாளி கன்னம் ஒட்டி, நடக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் தட்டில் ஊறுகாயும் அப்பளமும் அப்படியே இருக்கும், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரையும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டியது நிற்கவில்லை, நிறுத்தத் தேவையில்லாதது எல்லாம் நின்றுபோனது. இதைப் பல குடும்பங்களில் பார்த்து மனம் நொந்துதான் எழுதுகிறேன். நாள்பட்ட சிறுநீரக நோயில் உணவுக் கட்டுப்பாடு மிக முக்கியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதைக் குறைக்க வேண்டும் என்பதை உங்கள் சொந்த ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும், அடுத்தவருடைய பட்டியல் சொல்லக்கூடாது.

அதனால் முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு ரத்தத்திலிருந்து நீரை வடிகட்டி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. செத்துப்போன நெஃப்ரான் மறுபடி முளைக்காது. மிச்சம் இருப்பவை கூடுதல் அழுத்தத்தில் கூடுதல் வேலை பார்க்கும், அந்த அழுத்தமே நாளடைவில் அவற்றையும் கெடுக்கும். பாதிக்கு மேல் போன பிறகும் வலி, வீக்கம் எதுவும் இல்லாமல் ஆள் நன்றாகவே இருப்பதற்கும், ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாம் வேகமாகச் சரிவதற்கும் காரணம் இதுதான்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை அதிகம் உள்ளவருக்கு அது இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும், மெலிந்த வயதான பெண்மணிக்குக் குறைவாக இருக்கும். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் என்ற எண்ணைப் பாருங்கள். கிரியாட்டினின் 1.2 என்றால் 25 வயது இளைஞருக்கு இஜிஎஃப்ஆர் 85க்குப் பக்கத்தில் வரும், அதே 1.2 ஒரு 65 வயது அம்மாவுக்கு 50 என்று வரும். இளைஞருக்குப் பெரிய கவலை இல்லை, அம்மாவுக்கோ மூன்றாம் நிலை நோய் தொடங்கியிருக்கலாம். லேப் தாளில் இருவருக்குமே ‘நார்மல்’ என்றுகூடப் போட்டிருக்கும். இந்த நோயை இஜிஎஃப்ஆர் வைத்து ஐந்து நிலையாகப் பிரிப்பார்கள்: 60க்குக் கீழே மூன்றாம் நிலை, 30க்குக் கீழே நான்காம் நிலை, 15க்குக் கீழே ஐந்தாம் நிலை. மூன்று மாதம் கழித்தும் அதே நிலை நீடித்தால்தான் அதை நாள்பட்ட நோய் என்பார்கள், காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இருந்த வாரத்தில் ஒரே ஒரு முறை ஏறியதை வைத்துச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பரிசோதனை இருக்கிறது, பலருக்கு அதைப் பற்றித் தெரிவதே இல்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 300ஐத் தாண்டினால் சிறுநீரகம் வேகமாகக் கெடும் ஆபத்து அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு இஜிஎஃப்ஆர் குறைவதற்குப் பல வருடம் முன்பே இந்த ஒழுகல் தொடங்கிவிடலாம், அப்போதே பிடித்துவிட்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் வந்தது. சுகரோ பி.பி.யோ இருப்பவர்கள் வருடம் ஒரு முறையாவது இதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எந்த நிலையில் இருந்தாலும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே கட்டுப்பாடு உப்புதான், நம் ஊரில் கடைசியாகக் குறைப்பதும் அதைத்தான். உப்பு கூடினால் உடலில் நீர் தங்கும், பி.பி. ஏறும், மிச்சமிருக்கும் நெஃப்ரான்களின் மேல் அழுத்தம் கூடும். இன்னும் ஒன்று: சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைக்க டெல்மிசார்டன், ரமிப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகள் கொடுப்பார்களே, உப்பு அதிகம் சாப்பிடுகிறவருக்கு அவை வேலை செய்யும் திறனே குறைந்துபோகும். மாத்திரைக்குக் காசு கொடுத்து, அதன் பலனை ஊறுகாயில் தொலைக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமானவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது. சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதே அளவைத்தான் சொல்கிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான், நாள் முழுவதுக்கும். இட்லி மாவில் போட்டது, சட்னி, சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் சேர்ந்தே அதைத் தொட்டுவிடும். அதற்கு மேல் அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, சாயங்காலம் மிக்சர், பிஸ்கட், பிரெட். நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோடியம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம், வீட்டில் ‘நாங்கள் உப்பே போடுவதில்லை’ என்று சொல்பவர்களுக்குக்கூட அந்த எண் அதிர்ச்சி தரும்.

குறைப்பது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. சாதத்துக்கும் சப்பாத்தி மாவுக்கும் உப்பு வேண்டாம், மோருக்கு வேண்டாம். பொரியலில் கடைசியில் கொஞ்சம் தூவினால் நாக்குக்கு முதலில் உப்பு தெரியும், குறைவாகப் போட்டாலும் போதும். மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, கறிவேப்பிலைப் பொடி இருக்கிற சமையல் நம்முடையது, ருசிக்குப் பஞ்சம் வராது. சில வாரத்தில் நாக்கு பழகிவிடும், அப்புறம் ஹோட்டல் சாம்பாரே கரிக்கும். நோயாளிக்குத் தனிச் சமையல் என்று ஆரம்பிக்காதீர்கள், பத்து நாளில் சலித்துப்போகும், அவருக்கும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற வேதனை. வீட்டில் எல்லோருக்கும் உப்பைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லதுதான்.

இந்துப்பு போட்டால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கள் ஏராளம். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், சாதாரண உப்பைப் போலவே அளவு பார்க்க வேண்டும். அதைவிட ஆபத்தானது ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பு. அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பி.பி. மட்டும் உள்ளவருக்கு அது நல்லதாகக்கூட இருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். பாக்கெட்டைத் திருப்பிப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பொட்டாசியம்தான் அதிகம் குழப்பம் உள்ள இடம். ரத்தத்தில் 3.5க்கும் 5க்கும் இடையே இருக்க வேண்டும். 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரலாம், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மூன்றாம் நிலையில் இருக்கும் பலருக்குப் பொட்டாசியம் 4.2, 4.5 என்று ஒழுங்காகவே இருக்கும். அவர்கள் பழத்தையும் காயையும் நிறுத்துவதால் எந்த லாபமும் இல்லை, மலச்சிக்கல் வரும், உடலில் அமிலம் கூடும். சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியத்தில் ஒரு பகுதியைக் குடல்தான் வெளியேற்றுகிறது, அதனால் மலச்சிக்கலே பொட்டாசியத்தை ஏற்றக்கூடும். ரத்தத்தில் ஏறியிருந்தாலும் முதலில் காரணத்தைத் தேட வேண்டும்: மேலே சொன்ன பி.பி. மாத்திரைகள், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை, கட்டுப்படாத சுகர், உடலில் கூடிய அமிலம், சில சமயம் ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்துபோனதுகூடக் காரணமாக இருக்கும்.

உண்மையிலேயே ஏறியிருக்கிறது என்றால் அப்போது தீவிரமாகவே குறைக்க வேண்டும். இளநீரை முதலில் நிறுத்துங்கள். 100 மில்லி இளநீரில் 200 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும், 300 மில்லி உள்ள ஒரு காயைக் குடித்தால் 600 தாண்டிவிடும், அதுவும் நீராக இருப்பதால் சட்டென்று ரத்தத்தில் சேரும். காய்களைச் சின்னதாக நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரியல் செய்தால் பொட்டாசியத்தில் கணிசமான பகுதி போய்விடும். ‘சத்தெல்லாம் போகிறதே’ என்று வெந்த நீரை ரசத்தில் ஊற்றக்கூடாது. குக்கரில் எல்லாவற்றையும் மூடி வேகவைக்கும் சாம்பாரில் எதுவும் வெளியேறுவதில்லை, காயை வேகவைத்து வடித்துப் பிறகு சேர்க்கலாம். கீரைக்கும் அதே முறைதான். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி கொஞ்சம் சாப்பிடலாம். சிறுதானியம் எல்லோருக்கும் நல்லது என்ற பேச்சும் இந்த இடத்தில் பொருந்தாது, 100 கிராம் கேழ்வரகில் பொட்டாசியம் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசியில் அதில் கால்பங்குகூட வராது. பொட்டாசியம் ஏறியவருக்கு வடித்த சோறுதான் பாதுகாப்பு.

நட்சத்திரப் பழத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பொட்டாசியம் எவ்வளவு இருந்தாலும், எந்த நிலையாக இருந்தாலும், சிறுநீரக நோயாளி அதைத் தொடக்கூடாது. அதில் உள்ள நரம்பு நச்சைத் தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, நிற்காத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு, மயக்கம், மரணம் வரை போயிருக்கிறது.

சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கும் இன்னொரு தாது பாஸ்பரஸ், அதற்கு அவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பருப்பிலும் பயறிலும் இருப்பதில் பாதிகூட உடலில் சேர்வதில்லை, கோலா பானங்களிலும் பதப்படுத்திய சீஸ், சாசேஜ் போன்றவற்றிலும் ரசாயனமாகச் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதுமாகச் சேர்ந்துவிடுகிறது. பாட்டிலையும் பாக்கெட்டையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

புரதத்தில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. டயாலிசிஸ் செய்யாத, மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரையிலான நோயாளிக்கு, கேடிஐஜிஓ என்ற சிறுநீரக நிபுணர் அமைப்பின் 2024 சர்வதேச வழிகாட்டுதல் சொல்வது, எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு 48 கிராம். காலையில் நான்கு இட்லி, மதியம் சோறு, சாம்பார், தயிர், இரவு தோசை, ஒரு டம்ளர் பால் என்று சாப்பிடும் சைவக் குடும்பத்தில் இந்த 48 கிராமே தட்டுத்தடுமாறித்தான் வரும். அவரிடம் பருப்பையும் பாலையும் நிறுத்தச் சொன்னால் 25 கிராமுக்குப் போய்விடுவார். குறைக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்: தினமும் மதியமும் இரவும் சிக்கன், மட்டன் சாப்பிடுகிறவர்கள், ஜிம்முக்குப் போய்ப் புரதப் பொடி குடிக்கிறவர்கள்.

இதில் ஒரு கொடுமையான ஏமாற்றமும் இருக்கிறது. புரதத்தையும் சோற்றையும் வெட்டினால் தசை கரையும், தசை கரைந்தால் கிரியாட்டினின் குறையும். இறைச்சியை நிறுத்தியதாலும் கொஞ்சம் இறங்கும். அடுத்த ரிப்போர்ட்டில் 2.1 என்பது 1.8 ஆனதும் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டு, பத்தியம் பலிக்கிறது என்று இன்னும் இறுக்குவார்கள். சிறுநீரகம் துளியும் தேறியிருக்காது, ஆள்தான் கரைந்திருப்பார். அப்படி வற்றிப்போனவர் கடைசியில் டயாலிசிஸுக்கு வரும்போது தொற்றையும் தாங்க மாட்டார், ஊசியையும் தாங்க மாட்டார். அதனால் கிரியாட்டினின் இறங்கினால் கூடவே எடையைப் பாருங்கள், கையைப் பிடித்துப் பாருங்கள், மாடிப்படி ஏற முடிகிறதா என்று பாருங்கள். புரதத்தை மிகவும் குறைத்து, அதை ஈடுசெய்யக் கீட்டோ மாத்திரை சேர்க்கும் சிகிச்சை ஒன்று உண்டு, அதை மருத்துவரும் உணவியல் நிபுணரும் கூடவே இருந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீரகம் கழுவப்பட்டு நன்றாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. கனடாவில் 631 நோயாளிகளை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்ததால் சிறுநீரகச் சரிவு மெதுவாகவில்லை. கல் இருப்பவருக்கு நிறைய நீர் தேவை, அது வேறு நோய். கால் வீங்காமல், சிறுநீர் நன்றாகப் போகிறவர் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். வீக்கமும் மூச்சிறைப்பும் இருப்பவருக்கு டாக்டர் அளவு சொல்லுவார், அந்த அளவில் காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேரும். இதற்கு நேர்மாறான ஒரு கூட்டமும் இருக்கிறது, வெயிலில் உழைப்பவர்கள். ஆந்திராவின் உத்தானம், இலங்கையின் அனுராதபுரம் பக்கம், எந்தக் காரணமும் பிடிபடாமல் விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகும் பகுதிகள் இருக்கின்றன, உடல் சூடேறி நீர் வற்றுவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். உப்பளத்திலோ வயலிலோ செங்கல் சூளையிலோ நிற்பவரிடம் போய் ‘கிட்னி பிரச்சினை, தண்ணியைக் குறை’ என்று பொதுவாகச் சொல்லிவிடக்கூடாது. அவருக்கு நிழலும் இடைவேளையும் தண்ணீரும் வேண்டும்.

இப்போது வயிற்றுக்குள் போகும் மற்றவற்றுக்கு வருகிறேன். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பி.பி. மாத்திரையும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே எடுப்பவர் இதையும் சேர்த்தால் ஒரே வாரத்தில் கிரியாட்டினின் இரண்டு மடங்காகலாம். மூட்டுவலியோடு வாழ்கிற வயதானவரிடம் வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது நியாயமில்லை, அளவோடு பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, பிசியோதெரபி என்று மாற்று இருக்கிறது, டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மூலிகை விஷயத்தில் பலருக்குக் கோபம் வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது, அது சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை ஆராய்ந்தபோதுதான் இந்த ஆபத்து உலகத்துக்கே வெளிச்சமானது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவகைச் சிறுநீரகப் புரத ஒழுகலுக்கும் நாட்டு மருந்துகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது, நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு ஒழுகல் குறைந்தது. எல்லா நாட்டு மருந்தும் விஷம் என்று நான் சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியையும் பற்பத்தையும், கிரியாட்டினினைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் வாங்கி, ஏற்கெனவே பாதி போன சிறுநீரகத்தின் மேல் பரிசோதித்துப் பார்க்காதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். தினமும் வெறும் வயிற்றில் குடிக்கும் பச்சைக் காய், கீரைச் சாறுகளும் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பையும் ஒரே மூச்சில் இறக்குபவைதான்.

சாப்பாடு மட்டுமே நோயை நிறுத்திவிடாது, இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பி.பி. 130/80க்குக் கீழே வருவதும் சுகர் கட்டுக்குள் இருப்பதும்தான் அடித்தளம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் முதலில் சுகருக்காக வந்தவை, 2020 முதல் வந்த பெரிய ஆய்வுகளில் சுகர் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் சரிவை மெதுவாக்கின. இப்போது இந்தியாவில் இரண்டுமே பல நிறுவனங்களின் தயாரிப்பாக மலிவாகக் கிடைக்கின்றன. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பீடி, சிகரெட்டை விடுங்கள், வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும், பழைய அளவே போட்டால் நடுராத்திரியில் லோ சுகர் ஆகிவிடும். சுகர் தானாகக் குறைகிறது என்று மகிழ வேண்டிய இடம் இல்லை அது.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காத நாட்களில் நீர் மாத்திரை, சுகருக்கான மெட்ஃபார்மின், மேலே சொன்ன டபாகிளிஃப்ளோசின் வகை, சில பி.பி. மாத்திரைகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எவற்றை, எத்தனை நாள் என்பதை நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

டயாலிசிஸ் தொடங்கியவருக்குக் கணக்கே மாறிவிடும், அதனால்தான் அவருடைய பட்டியல் உங்களுக்கு ஆகாது. அவருக்குப் புரதம் கூட்ட வேண்டும், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, முட்டை வெள்ளைக்கருவும் மீனும் அவருக்கு மருந்து. தண்ணீரும் பொட்டாசியமும் கறாராக அளந்து எடுக்க வேண்டும். வீட்டிலேயே வயிறு வழியாகச் செய்யும் சிஏபிடி டயாலிசிஸில் பொட்டாசியம் தினமும் வெளியேறிக்கொண்டே இருப்பதால் பழம், காய்க்கு இன்னும் கொஞ்சம் தாராளம் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

அடுத்த முறை சிறுநீரக டாக்டரையோ உணவியல் நிபுணரையோ பார்க்கப் போகும்போது இஜிஎஃப்ஆர், சிறுநீர் ஆல்புமின், பொட்டாசியம், ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறதா என்று காட்டும் பைகார்பனேட் நான்கும் உள்ள ரிப்போர்ட், வீட்டில் எடுத்த பி.பி. குறிப்பு, மூன்று நாள் சாப்பிட்டதை ஒளிக்காமல் எழுதிய தாள், தினமும் விழுங்கும் எல்லா மாத்திரை, பொடி, லேகியத்தின் அட்டைகளும் டப்பாக்களும் கையோடு இருக்கட்டும். வீட்டில் சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழம்புக்கு எத்தனை ஸ்பூன் உப்பு விழுகிறது என்று அங்கே கேட்டால் பதில் தெரிந்தவர் அவர்தான்.